தமிழ்ப் பக்கம் கட்டுகிற நண்பர்களுக்கு, மல்லாபூரிலிருந்து



சங்கத்து ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை, கவிதைப் புத்தகம், விதைப் பையின் பின்பக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு என்று எதையாவது தமிழில் வடிவமைத்து ஹைதராபாத் அச்சகங்களுக்கு அனுப்புகிற உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். நான் மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் ப்ரீபிரஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். நீங்கள் அனுப்பும் ஃபைல் பிளேட் ஆவதற்கு முன் கடைசியாகத் திறக்கப்படுவது எங்கள் மேஜையில். அந்த மேஜையைத் தாண்டிவிட்டால் அதைத் தொடுகிற ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

சிவகாசியிலோ சென்னை ராயப்பேட்டையிலோ ஒரு தமிழ் ஃபைல் தப்பாகப் போனால் பிடிப்பதற்கு வழியெல்லாம் ஆள் உண்டு. பிளேட் எடுப்பவர் பார்ப்பார். மெஷின்மேன் முதல் தாளை உருவி வெளிச்சத்தில் பிடிக்கும்போது தலைப்பையாவது வாசிப்பார். ஃபாரம் மடித்து அடுக்குகிற பெண்கள்கூட, ‘இதென்னண்ணே, கொம்பு தனியா நிக்குது’ என்று கேட்டுவிடுவார்கள். இங்கே என்னோடு இருப்பவர்கள் தொழிலில் கைதேர்ந்தவர்கள். தெலுங்கும் இந்தியும் உருதும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறம் ஓர் இழை நகர்ந்தாலும் கண்டுபிடிப்பார்கள். ஆனால் தமிழைப் பொறுத்தவரை எழுத்து நேராக நிற்கிறதா, வெட்டுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் அவர்களால் பார்க்க முடியும். நான் வேலைக்கு வராத நாளில் உங்கள் ஃபைல் வந்தது வந்தபடியே அச்சேறும். ஆகவே இன்டிசைனில் பேக்கேஜ் செய்யும்போது கணினி காட்டுகிற பிழைகளை உங்கள் இருக்கையிலேயே தீர்த்துவிட்டு அனுப்புங்கள். நான் முக்கியமாகக் கேட்பது அதுதான். அதை ஏன் கேட்கிறேன், எப்படித் தீர்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது என்ன தெரியுமா? ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு கூடவே இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இன்டிசைன் அதை இளஞ்சிவப்புப் பட்டையடித்து, அந்த நான்கு ஆங்கில எழுத்தையும் அரைப்புள்ளியையும் அப்படியே காட்டும். இது பரவாயில்லை என்பேன். தமிழ் தெரியாதவருக்கும் இது தப்பு என்று தெரிந்துவிடும், வேலையை நிறுத்திவிடுவார்.

பயமுறுத்துவது இன்னொன்று. நீங்கள் ஒரு குறியாக்கத்தில் அடித்திருப்பீர்கள். இங்கே இருக்கும் ஒருவர் நல்லெண்ணத்தோடு, கைக்குக் கிடைத்த வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடுவார். திரையில் இளஞ்சிவப்பு மறைந்துவிடும். அழகான தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு சொல்லும் சொல்லாக இருக்காது. தமிழ் படிக்காத கண்ணுக்கு அது முழுக்க முழுக்கச் சரியான பக்கம். எழுத்துருவின் பெயர் ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருந்தாலும் இதே கதிதான். நம்மிடம் சுற்றிவருகிற பழைய எழுத்துருக்கள் பல, யாரோ எப்போதோ திருத்தி அதே பெயரில் சேமித்தவை. உங்கள் கணினியில் இருப்பதும் எங்கள் கணினியில் இருப்பதும் ஒரே பெயரில் இரண்டு வேறு எழுத்துருவாக இருக்கலாம். சில பழைய குறியாக்கங்களில் எழுத்துகளை 160, 173 ஆகிய இடங்களிலும் வைத்திருந்தார்கள். இன்றைய மென்பொருள் முதல் இடத்தை வெற்றிடமாகவும் இரண்டாவதைக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடாகவும் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கோப்பு கைமாறும்போது குறிப்பிட்ட ஓர் எழுத்து மட்டும் பக்கம் முழுவதும் காணாமல் போய்விடும். ‘நம்ம டவுன் அச்சகத்தில் நன்றாகத்தானே வந்தது’ என்று நீங்கள் சொல்வது உண்மைதான். அங்கே உங்கள் எழுத்துரு ஏற்கெனவே இருந்தது.

இதற்காகத்தான், ஃபைலோடு எழுத்துருவையும் படத்தையும் ஒரே கோப்புறையில் சேர்த்துக் கட்டுகிற பேக்கேஜ் என்ற கட்டளையே இருக்கிறது. ஃபைல் மெனுவில் அதை அழுத்தினால் முதலில் ஒரு சுருக்கப் பட்டியல் வரும்: எத்தனை எழுத்துரு, அவற்றில் எத்தனை காணவில்லை, எத்தனை படம், எத்தனைக்கு இணைப்பு அறுந்திருக்கிறது, நிறம் எப்படி. குறை இருந்தால் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். உங்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலைப் படிக்காமலே அடுத்ததை அழுத்துகிறீர்கள். மென்பொருளும் அனுமதித்துவிடும். நீங்கள் தாண்டிப்போன முக்கோணம் நேராக இங்கே வந்து இறங்குகிறது, அதுவும் மெஷினில் தாள் ஏற்றிக் காத்திருக்கும் நேரத்தில். அந்தப் பட்டியலில் நின்று படியுங்கள். இன்னும் நல்லது, ஃபைல் முடியும்வரை காத்திராமல், கீழே ஓரத்தில் எரிகிற ப்ரீஃபிளைட் புள்ளி பச்சையாக இருக்கிறதா என்று வேலையின் நடுநடுவே பார்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் வந்த சிஎஸ்4 பதிப்பு முதலே அது இருக்கிறது.

‘காணாத எழுத்துரு ஒன்று என்று காட்டுகிறது, பக்கத்தில் தேடினால் எங்கேயும் இல்லை’ என்று சொல்வீர்கள். இருக்கும். காலியான ஒரு பத்தியின் முடிவில், அட்டவணையின் ஒரு வெற்று அறையில், பக்கத்துக்கு வெளியே ஒதுக்கிப் போட்ட பழைய பெட்டியில், மாஸ்டர் பக்கத்தில், போன வருட மலரிலிருந்து எடுத்துவந்த பத்தி ஸ்டைலில் ஒளிந்திருக்கும். ஒரே ஓர் இடைவெளி அந்தப் பழைய எழுத்துருவில் இருந்தால்கூடப் போதும். டைப் மெனுவில் ஃபைண்ட்/ரீப்ளேஸ் ஃபான்ட் (பழைய பதிப்புகளில் ஃபைண்ட் ஃபான்ட்) திறந்து, காணாததைத் தேர்ந்து, புதியதை வைத்து மாற்றும்போது ஸ்டைலையும் சேர்த்துத் திருத்து என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் அடுத்த இதழில் அது மறுபடி எழுந்து வரும்.

எழுத்துரு உங்கள் கணினியிலேயே இருந்தும் ‘காணவில்லை’ என்கிறதா? அது டைப் 1 வகையா என்று பாருங்கள். 2023-ல் இன்டிசைன் அந்த வகையைக் கைவிட்டது. மேக்கில் வேலை செய்த மூத்தவர்களிடம் தமிழ் டைப் 1 எழுத்துருக்கள் நிறையவே இருக்கும். புதிய பதிப்பில் அவை இனி வேலைக்காகா. அதேபோல் அடோபி ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து இயக்கிக்கொண்ட எழுத்துருக்களை பேக்கேஜ் நகலெடுக்காது. நீங்கள் கோப்புறையைத் திறந்து பார்த்தால் தெரியும், அந்த எழுத்துரு அதற்குள் வந்திருக்காது. இல்லஸ்ட்ரேட்டரில் செய்து உள்ளே வைத்த லோகோவிலோ அட்டைத் தலைப்பிலோ இருக்கும் எழுத்தையும் நம்பிவிடாதீர்கள். அதை அங்கேயே அவுட்லைன் ஆக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

அவுட்லைன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பேக்கேஜில் எழுத்துருப் பிழை வந்தால் புத்தகம் முழுவதையும் அவுட்லைன் ஆக்கி அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தலைப்புக்குச் செய்யுங்கள், தவறில்லை. 200 பக்க நூலுக்குச் செய்தால் அது எழுத்தாக இருப்பதே நின்றுவிடுகிறது. சின்ன அளவு எழுத்து அச்சில் தடித்துவிடும். பிளேட் போடும் நேரத்தில் ஆசிரியர் போன் செய்து ‘இரண்டாம் பத்தியில் ஊர்ப் பெயர் தப்பு’ என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பத்து வருடம் கழித்து மறுபதிப்பு வரும்போது மொத்தத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். ஓர் எழுத்துருவைத் தேட மனமில்லாமல் ஒரு நூலின் சொற்களையே அழிக்கிறோம்.

இந்த எழுத்துருத் தொல்லை மொத்தத்துக்கும் யுனிகோடு ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்டிசைன் 2012-ல் வந்த சிஎஸ்6 முதல் தமிழை முறையாகக் கையாள்கிறது. ‘முயன்று பார்த்தோம், எழுத்து உடைகிறது’ என்று இன்னும் எத்தனை பேர் சொல்கிறீர்கள்! உடைவதற்குக் காரணம் நீங்கள் எடுத்துக்கொண்ட பழைய டெம்ப்ளேட். அதில் சாதாரண கம்போசர் இருக்கும். அதனால் ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தி ஸ்டைலில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால் எழுத்து ஒழுங்காக அமரும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கேடமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் இலவசம், திறந்த உரிமம். பேக்கேஜில் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். உரிமச் சிக்கல் வராது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் யுனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. இந்த வசதி பழைய எழுத்துருக்களுக்கு இல்லை. பேக்கேஜ் செய்யும்போது எழுத்துரு உரிமை பற்றி ஓர் எச்சரிக்கை வருமே, அதைக் கண்டு தயங்கி எழுத்துருவை விட்டுவிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மனச்சாட்சியை மதிக்கிறேன். அப்படித் தயக்கம் தராத எழுத்துருவுக்கு மாறிவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்தும் வாட்ஸ்அப் கோப்புறையிலிருந்தும் நேராகப் பக்கத்துக்கு இழுத்து வைக்காதீர்கள். பென் டிரைவைப் பிடுங்கியதும் இணைப்பு அறுந்துவிடும். லிங்க்ஸ் பலகையில் சிவப்புக் கேள்விக்குறி வரும். வேலை தொடங்கும்போதே ஒரு கோப்புறை போட்டு எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டு, அங்கிருந்து பக்கத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த தலைவர் படத்தை முழுப்பக்கத்துக்கு இழுக்க வேண்டாம் என்பதை எத்தனை முறையானாலும் சொல்லத் தயார்.

எல்லாம் சரியாக இருந்தும், ‘தேவையான ஃபைலை நகலெடுக்க முடியவில்லை’ என்று பேக்கேஜ் பாதியில் நிற்பதுண்டு. இதில்தான் பலர் நொந்துபோய், இன்டிசைன் ஃபைலை மட்டும் தனியாக அனுப்பிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழு முகவரிக்கு வழக்கமான எல்லை 260 எழுத்து. டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறை, அதற்குள் மலரின் முழுப் பெயரில் ஒன்று, அதற்குள் ‘இறுதி’, அதற்குள் ‘இறுதி திருத்தியது’, அதற்குள் கைபேசி வைத்த நீளமான பெயரோடு ஒரு படம் என்று போனால் எல்லையைத் தாண்டிவிடும். டி டிரைவில் நேரடியாகச் சின்னப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதற்குள் பேக்கேஜ் செய்து பாருங்கள். பென் டிரைவுக்குள்ளோ நெட்வொர்க் வழியாகவோ செய்யாதீர்கள். உங்கள் கணினியில் செய்துவிட்டுப் பிறகு நகலெடுங்கள். படங்கள் ஒன்டிரைவ் போன்ற இடத்தில் இருந்தால், உண்மையிலேயே கணினிக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவைக் கணினியில் எல்லாப் பயனாளருக்குமாக நிறுவுங்கள்.

அப்படியும் நின்றால் ஃபைலே நொந்திருக்கிறது என்று பொருள். வருடாவருடம் போன மலரையே திறந்து, வேறு பெயரில் சேமித்து, மேலே மேலே கட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். அந்த ஃபைலை ஐடிஎம்எல்லாக ஏற்றுமதி செய்து, அதைத் திறந்து, புதிதாகச் சேமியுங்கள். உள்ளே சேர்ந்த குப்பை பெரும்பாலும் போய்விடும். அதற்கும் மசியாவிட்டால் நகலெடுத்துப் பாதிப் பக்கங்களை நீக்கிவிட்டு பேக்கேஜ் செய்து பாருங்கள். நின்றால் கோளாறு மீதிப் பாதியில். நிற்காவிட்டால் நீக்கிய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் குற்றவாளியான ஒரு படமோ எழுத்துருவோ சீக்கிரமே தனியாக வந்து நிற்கும்.

‘பிடிஎஃப் அனுப்பினால் போதாதா?’ என்று கேட்பீர்கள். அவசியம் அனுப்புங்கள், எழுத்துரு பதிந்த பிடிஎஃப்/எக்ஸ்-4 ஆக இருந்தால் அதிலிருந்தே அச்சிடுவோம். ஆனால் முதுகின் அகலம் மாறினால், பிளீட் விடாமல் வந்திருந்தால், கடைசி நேரத் திருத்தம் வந்தால் பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு தவிப்போம். இரண்டும் வேண்டும். அந்த பிடிஎஃப்தான் தமிழ் தெரியாத என் சக ஊழியருக்கு சாட்சி. ஃபைலைத் திறந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்று அவரால் பார்க்க முடியும். படிக்கத் தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று இப்போது சொல்கிறேன். மலரில் ஒரு வாழ்த்துச் செய்தி சிதைந்தால் வருத்தம், சங்கடம், மறுஅச்சுச் செலவு, அதோடு போய்விடும். இந்த வட்டாரத்தில் நாங்கள் அச்சிடுவது மலர் மட்டும் இல்லை. பூச்சிமருந்துப் பொட்டலத்துக்குள் வைக்கிற துண்டுச்சீட்டும் அச்சிடுகிறோம். பூச்சிக்கொல்லி விதிகள், 1971 அந்தச் சீட்டை இந்தியிலும் ஆங்கிலத்திலும், விற்கிற பகுதியில் வழங்கும் ஒன்றிரண்டு வட்டார மொழிகளிலும் அச்சிடச் சொல்கிறது. எந்தப் பயிருக்கு, எப்படித் தெளிக்க வேண்டும், விஷம் ஏறினால் என்ன அறிகுறி, என்ன முதலுதவி, எது மாற்று மருந்து, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகும் சரக்கென்றால் வட்டார மொழிப் பகுதி தமிழில். அரைச் சாண் தாளில் ஐந்து புள்ளி, ஆறு புள்ளி எழுத்தில் இத்தனையும் அடங்குகிறது. விளம்பர நிறுவனத்தில் அமர்ந்து நீங்கள் கட்டிய அந்தப் பத்தியில் ஓர் எழுத்துரு மாறிப் போனால், அரியலூரிலோ போடியிலோ வயலில் மயங்கி விழுந்தவரின் வீட்டார் கையில் இருக்கும் சீட்டில் எழுத்துகள் இருக்கும், முதலுதவி இருக்காது. இங்கே மெஷினில் நிற்பவருக்கு அது தெரிய வழியே இல்லை. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. திருத்தம் மேல் திருத்தம் கொடுத்து நள்ளிரவில் முடிக்கச் சொல்வார்கள். பேக்கேஜ் செய்து சரிபார்க்கிற நேரத்துக்கு ஒரு பைசா யாரும் தருவதில்லை. அது வேலையின் பகுதி என்றே ஆசிரியர்களுக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லுங்கள். கூலி பேசும்போதே ‘அச்சுக்கு அனுப்பும் வேலை தனி, அதற்கு அரை நாள் வேண்டும், இவ்வளவு பணம்’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அச்சகம் பார்த்துக்கொள்ளும் என்று உங்களை அவசரப்படுத்துகிறவர், வெளிமாநில அச்சகத்தில் தமிழைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று ஒருமுறையாவது விசாரித்திருக்க வேண்டும்.

பழைய ஃபைல்களையும் மறந்துவிடாதீர்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அந்த ஃபைல்களைத் திறக்கத் தெரிந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. எத்தனையோ சிற்றிதழ்கள், சங்கங்களின் வெள்ளிவிழா மலர்கள் அந்த வடிவத்தில் உங்கள் வட்டுகளில் கிடக்கின்றன. சிஎஸ்6 ஓடுகிற ஒரு கணினி இன்னும் உங்களிடமோ தெரிந்தவரிடமோ இருந்தால் அது நின்றுபோவதற்குள் திறந்து, எழுத்துருவோடு பேக்கேஜ் செய்து, பிடிஎஃப் எடுத்து, உரையை யுனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். அந்த இதழ்களின் வேறு பிரதி உலகில் எங்கும் இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பேக்கேஜ் செய்யும்போது அச்சுக் குறிப்புக்கான ஒரு படிவமும் உண்டு. தொடர்புக்கு யார், தொலைபேசி எண் என்ன, அச்சகத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அதில் கட்டங்கள் இருக்கும். எங்களுக்கு வருகிற பேக்கேஜ்களில் அநேகமாக எல்லாமே அதை வெறுமையாக விட்டே வருகின்றன. அதை நிரப்புங்கள். எந்த எழுத்துரு, எந்தக் குறியாக்கம், பக்கத்தில் கட்டாயம் சரிபார்க்க வேண்டிய வரி எது என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். நான் இல்லாத நாளிலும் இங்கிருப்பவர் படிப்பார். உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைப் போடுங்கள், அலுவலக எண் வேண்டாம். பிளேட் ஏறுவதற்கு முன் சந்தேகம் வந்தால் எந்நேரமானாலும் கூப்பிடுவோம். தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள்.

அன்புடன்,
ப்ரீபிரஸ் பிரிவிலிருந்து உங்கள் தோழன்,
மல்லாபூர், ஹைதராபாத்